பாதையின் மகன்

ஒருவன் தான் வாழும் நாட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கால்நடையாகவே கடந்துசெல்ல விரும்புகிறான். வணிகம் இல்லை; உறவினர் எவரும் அழைக்கவில்லை; கல்வி தேடிச் செல்லவுமில்லை. நாட்டைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதொன்றே அவன் நோக்கம். இரயிலும் பேருந்தும் ஓடுகின்ற காலத்தில் இவ்வாறு உடலை வருத்திக்கொள்வது நற்செயலா, வீண்செயலா?

இக்கேள்வி இன்று தோன்றியதன்று. ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் பயணியின் தொழுகையைப் பற்றிய அத்தியாயத்தில் இதனை எடுத்து ஆராய்ந்திருக்கின்றனர். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளப் பயணிக்குச் சலுகை உண்டு. அதற்குரிய தொலைவே நடையைக் கொண்டுதான் அளக்கப்பட்டது: சுமையேற்றிய ஒட்டகம் இரண்டு நாள் நடக்கும் தூரம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆயினும் தூரம் மட்டும் போதாது. போகுமிடம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். நோக்கமும் தகுந்ததாக இருக்கவேண்டும். இமாமுல் ஹரமைனின் தந்தையாரான ஷைகு அபூமுஹம்மது ஜுவைனீ (ரஹ்) அவர்கள், ஊர்களைப் பார்ப்பதற்காக மட்டுமே மேற்கொள்ளும் பயணம் தகுந்த நோக்கங்களில் சேராது எனக் கருதினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘ரவ்ளா’வில் இதனை எடுத்துரைக்கிறார்கள். காரணமின்றித் தன்னையும் தான் ஏறிச்செல்லும் பிராணியையும் ஓட்டி வருத்துதல் ஆகாது என்பதும் அதே இடத்தில் உண்டு. மனச்சோர்வு தீர உலாவச் செல்வது வேறு, அது தகுந்த நோக்கமே என்று பின்வந்த உரையாசிரியர்கள் சற்று இளக்கிக் கொடுத்தனர்.

இச்சட்டத்தை நான் முதன்முதலில் அறிந்தது பாடவேளையில் அன்று; என் விண்ணப்பம் ஒன்றுக்கு விடையாகத்தான் அறிந்தேன். பின்னாளில் பிரதமரான சந்திரசேகர், 1983ஆம் ஆண்டு ஜனவரியில் கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டு நடந்து, ஜூன் மாதம் டில்லியை அடைந்தார். அப்போது நான் சிறுவன். செய்தித்தாளில் வரும் ஊர்ப்பெயர்களைப் பள்ளிக்கூட நிலப்படத்தில் பென்சிலால் குறித்து வந்தேன். ஆசை மனத்தில் தங்கிவிட்டது. மத்ரஸாவில் ஓதி முடிக்கும் ஆண்டில், காஷ்மீர்வரை நடக்கப்போவதாகக் கூறி என் உஸ்தாதிடம் துஆ வேண்டி நின்றேன். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 வீதம் நடந்தால் 160 நாட்கள் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தேன்.

“எதற்குத் தம்பி?” என்றார்கள்.

“நாட்டைப் பார்க்க, ஹஜ்ரத்.”

கிதாபை எடுத்து மேற்சொன்ன இடத்தைத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஆயினும் நான் விடவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் ஏவுகின்றதே என்றேன். “ஆம், ஏவுகின்றது. முன்சென்றவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கச் சொல்கின்றது. நீ எதைப் பார்க்கப் போகிறாய்?” என்றார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நான் போகவுமில்லை. உஸ்தாதின் கேள்வியால் நின்றேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவ்வாண்டு கிடைத்த ஆசிரியர் வேலையும் காரணம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை.

நடைப்பயணத்தைப் புகழ்வோர் அதனை எளிமையின் சின்னம் என்பர். நான் அத்துணை விரைவில் உடன்படமாட்டேன். நடப்பவன் காற்றை உண்டு வாழ்வதில்லை. அவன் குடிக்கும் நீரை எவரோ இறைத்திருக்கிறார். அவன் படுக்கும் திண்ணையை எவரோ பெருக்கியிருக்கிறார். 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். 240 மைல் நடை. வழியில் பட்காம் என்னும் ஊரில் ஒரு மாலைப்பொழுதில் அவர் தம் கூட்டத்தாரையே கடிந்துகொண்டார். காரணம் இரண்டு: அவர்களுக்காகச் சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் வந்திருந்தது, இரவில் அவர்கள் நடக்க வெளிச்சம் வேண்டுமென்று ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் கனத்த கிட்சன் விளக்கை ஏற்றி, அவனை விரைந்து நடக்கச் சொல்லி விரட்டியிருந்தனர். ஏழைகளுக்காக நடக்கின்றோம் என்று புறப்பட்டவர்களின் விளக்கை ஓர் ஏழை சுமந்தான். தண்டியில் அள்ளிய உப்பைக் காட்டிலும் இந்த விளக்கே என் நினைவில் நிற்கின்றது.

அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தனர். இவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறை செல்ல நேரும் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். காவிரிக்கரை மக்கள் என்ன செய்தனர்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுச் சென்றனர். கொடுத்தவர் எவர் என்று அரசுக்குத் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது.

அரபியில் வழிப்போக்கனுக்கு ‘இப்னுஸ் ஸபீல்’ என்று பெயர். பாதையின் மகன் என்பது பொருள். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் அவனும் ஒருவன். சொந்த ஊரில் அவனுக்கு வீடும் நிலமும் இருக்கலாம். வழியில் கையில் பொருளற்று நின்றால் அந்நேரத்தில் அவன் பங்கு அவனுக்கு உண்டு. பிச்சை அன்று, பங்கு. இதனை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். ஆகவே அடுத்து எழுதப்போவதை எழுதாமல் விடுவது முறையாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. வேலையும் கூலியும் இழந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் நடக்கத் தொடங்கினர். அவர்கள் நாட்டைப் பார்க்கப் புறப்பட்டவர்களல்லர். மே மாதம் 8ஆம் நாள் விடியலில், ஔரங்காபாத் அருகே களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிப்போன 16 பேர் சரக்கு இரயிலில் அடிபட்டு மாண்டனர். அது நோன்பு மாதம். நான் அப்போது சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளிவாசலில் பொறுப்பில் இருந்தேன். தொழுகைக் கூட்டம் கூடாது என்ற உத்தரவினால் வாயிற்கதவு பூட்டியிருந்தது.

ஒரு நண்பகலில் ஏழு பேர் வந்தனர். ஒருவனுடைய செருப்பு துணியால் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் கேட்டனர், குடத்தில் மொண்டு கம்பிக்கதவின் மேலாகக் கொடுத்தேன். வயதில் மூத்தவர் உள்ளேயிருந்த திண்ணையைக் காட்டி, தலையைச் சாய்த்துக் கையை கன்னத்தில் வைத்துக் காட்டினார். சற்றுப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கிற்று. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கையை விரித்து, அரசு உத்தரவு என்று தமிழில் சொன்னேன். அவர் புரிந்துகொண்டாரோ என்னவோ, தலையசைத்தார். சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிவிட்டபின் அங்கே நிழல் ஏது? எங்கள் மதிற்சுவரின் வெளிப்புற நிழலில் வரிசையாக அமர்ந்தனர். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தனர். அஸர் வேளையில் பார்த்தபோது போய்விட்டிருந்தனர்.

எனக்கிடப்பட்ட தடையில் நியாயம் இருந்தது, நோய் உண்மையானது. வேதாரண்யத்தார்க்கு இடப்பட்ட தடையில் நியாயம் இல்லை. ஆனால் காற்றோட்டமான திண்ணையில் ஏழு பேர் விலகிப் படுப்பதை அவ்வுத்தரவு தடுத்ததா என்று நான் எவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை திறக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

உஸ்தாதின் கேள்விக்கு அன்று மாலை எனக்கு ஒரு விடை கிடைத்தது. இளமையில் நான் நடந்திருந்தால் எதைப் பார்த்திருப்பேன்? பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளிருப்பவன் முகம் எப்படித் தெரியும் என்பதை, நாளுக்கொரு வாயிலாக 160 நாள் பார்த்திருப்பேன். அதனை அறிந்தவன் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு நிற்பது சற்றுக் கடினமாயிருந்திருக்கும். இந்நோக்கம் தகுந்ததென்று ஷைகு ஜுவைனீ (ரஹ்) அவர்கள் ஏற்பார்களா என நான் அறியேன். உஸ்தாத் இன்றில்லை, இருந்தால் கேட்டிருப்பேன்.

சென்ற மாதம் என் மாணவன் ஒருவன், காஷ்மீர்வரை நடக்கப்போவதாகச் சொல்லி துஆ வேண்டி வந்தான். பையில் என்ன கொண்டுசெல்கிறாய் என்றேன். கூடாரம், சிறு அடுப்பு, உலர்ந்த உணவு, கைப்பேசிக்கு மின்னூட்டும் கருவி என்று அடுக்கினான். எவரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராது, ஹஜ்ரத் என்று பெருமையாகச் சொன்னான். கூடாரத்தை வைத்துவிட்டுப் போ என்றேன். இரவில் எங்கே தங்குவது என்றான். பள்ளிவாசல்கள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, கேள் என்றேன்.

“நம் பள்ளிவாசல் லுஹர் தொழுகை முடிந்ததும் பூட்டிவிடுகிறார்களே, ஹஜ்ரத்?” என்றான் அவன்.

மின்விசிறியும் உண்டியலும் களவுபோகும் என்ற அச்சத்தால் அவ்வாறு செய்கிறார்கள். முன்திண்ணையை மட்டுமாவது அஸர்வரை திறந்துவைக்க வேண்டுமென ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாணவன் இன்னும் புறப்படவில்லை.