விலகிச் செல்லும் உரிமையும் போர்க்கப்பலின் கணக்கும்

ஓர் ஆட்சியை ஏற்க மனமில்லாத மக்கள் கூட்டம், ஆட்சியாளரை வீழ்த்த முயலாமல், தன் குடும்பங்களையும் படகுகளையும் அழைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் போய்க் குடியேறினால், அதைக் கலகம் என்று கொள்வதா, உரிமை என்று கொள்வதா என்ற கேள்வி அரசியல் தத்துவத்தில் மிகப் பழையது. பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ உரையாடலில், சிறையிலிருந்து தப்ப மறுக்கும் சாக்ரடீஸ், ஏதென்ஸின் சட்டங்களே வந்து பேசுவதாகக் கற்பனை செய்கிறார். நகரத்தைப் பிடிக்காதவன் உடைமையோடு வெளியேறத் தடையில்லாதபோது, வெளியேறாமல் தங்கியவன் கீழ்ப்படிய ஒப்புக்கொண்டவனே என்பது அச்சட்டங்களின் வாதம். 1748-இல் வெளியான ஒரு கட்டுரையில் டேவிட் ஹியூம் இந்த வாதத்தை மறுத்தார். கைப்பொருளும் பிறமொழி அறிவும் இல்லாத ஏழைக் குடியானவன் நாட்டைவிட்டுப் போக முடியாது என்றும், உறக்கத்தில் கப்பலேற்றப்பட்டவன் கடலில் குதித்து மாளாமல் இருப்பதைக் கொண்டு அவன் கப்பல் தலைவனின் அதிகாரத்துக்கு இசைந்தான் என்று சொல்வது தகாது என்றும் அவர் காட்டினார். வெளியேறும் வழி உண்மையில் திறந்திருந்தால்தான் தங்கியிருப்பவனின் கீழ்ப்படிதலை இசைவாகக் கொள்ள முடியும் என்ற அளவில் இரு தரப்பும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன.

அந்த வழி ஏட்டளவில் இல்லாமல் நடைமுறையிலேயே திறந்திருந்த சமூகங்களுள் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையில் இருந்தது. அபுதாபியை மையமாகக் கொண்ட பனீ யாஸ் என்பது பல கிளைக்குலங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. லீவா பாலைச்சோலையின் பேரீச்சை, ஒட்டகம், கோடைக்கால முத்துக்குளிப்பு ஆகியவற்றை மாறி மாறிச் சார்ந்து வாழ்ந்த இம்மக்களுக்குத் தலைமை தாங்கிய ஷேக், கோடு கிழித்த நிலப்பரப்பை ஆண்டவர் அல்லர். தம்மைத் தலைவராக ஏற்ற குடும்பங்களை ஆண்டவர். வரி மிகுந்தாலோ, ஆளும் குடும்பத்தில் இரத்தம் சிந்தினாலோ, ஒரு கிளைக்குலம் படகேறிப் போய்விடலாம் என்ற அச்சமே அவருடைய அதிகாரத்துக்கு வலுவான கடிவாளமாக இருந்தது.

இதற்குச் சமய அடிப்படையும் உண்டு. இஸ்லாமிய அரசியல் சிந்தனையில் ஆள்பவருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான பிணைப்பு ‘பைஅத்’ எனப்படும் உறுதிமொழியால் ஏற்படுவது; கொடுமைக்கு உட்பட்ட இடத்தைவிட்டுப் பெயர்ந்து செல்வதாகிய ‘ஹிஜ்ரத்’ நபிகள் நாயகத்தின் வாழ்விலேயே முன்மாதிரி பெற்றது. ஆட்சியை எதிர்ப்போரை எவ்வாறு நடத்துவது என்பது பற்றிச் சட்ட அறிஞர்கள் வகுத்த விதிகளும் கவனிக்கத் தக்கவை. நாலாம் கலீபாவான அலீயை விட்டுப் பிரிந்து 657-இல் ஹரூராவில் ஒதுங்கிய காரிஜிய்யாக்களிடம், அவர்களாகப் போர் தொடுக்காதவரை அவர்கள்மீது போர் தொடுப்பதில்லை என்று அவர் நடந்துகொண்டதாக மரபு கூறுகிறது. அதை முன்னுதாரணமாகக் கொண்டு, தோற்று ஓடும் கலகக்காரரைத் துரத்தலாகாது, காயமுற்றவரைக் கொல்லலாகாது, அவர்களுடைய சொத்தைக் கொள்ளைப்பொருளாகக் கருதலாகாது என்று பெரும்பாலான அறிஞர்கள் வரையறுத்தனர். வளைகுடாவின் ஷேக்குகள் இவ்விதிகளை எப்போதும் மதித்து நடந்தனர் என்று நினைப்பது வெகுளித்தனம். ஆயினும் பிரிந்து செல்வதையே குற்றமாகக் காணாத ஒரு சிந்தனை மரபு அங்கே உயிரோடு இருந்தது.

இச்சூழலில்தான் பிரிட்டிஷ் கடற்படை நுழைந்தது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்தபின், 1820-இல் கடற்கொள்ளையைத் தடைசெய்யும் பொது உடன்படிக்கையில் கரையோரத் தலைவர்கள் கையொப்பமிட்டனர். 1835-இல் முத்துக்குளிப்புப் பருவத்துக்கு மட்டுமான கடற்போர் நிறுத்தம் ஏற்பட்டு, அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1853-இல் நிரந்தர ஒப்பந்தமாயிற்று. பாரசீகக் கரையிலுள்ள பூஷைர் நகரில் இருந்த ‘ரெசிடெண்ட்’, அதாவது பிரிட்டிஷ் இந்திய அரசின் அரசியல் பிரதிநிதி, ஒப்பந்த மீறல்களுக்கு நடுவராகவும் தண்டனை வழங்குபவராகவும் இருந்தார். நிலத்தில் நடக்கும் சச்சரவுகளில் தலையிடுவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் கொள்கை. ஆனால் கடலில் ஒரு படகு கொள்ளையிடப்பட்டால், இழப்பீட்டை யாரிடம் வசூலிப்பது என்ற கேள்விக்கு ரெசிடெண்டுக்கு விடை வேண்டியிருந்தது. கையொப்பமிட்ட தலைவர் தம் மக்கள் அனைவரின் செயலுக்கும் பொறுப்பு என்பதே அவருக்குக் கிடைத்த விடை. கணக்கு முடிக்க வசதியான இந்த ஏற்பாடு, ஒவ்வொரு மனிதனும் யாரோ ஒரு கையொப்பக்காரருக்கு உரியவனாக இருந்தே தீரவேண்டும் என்ற கருத்தைத் தனக்குள் கொண்டிருந்தது.

1833-இல் ஷேக் கலீபா பின் ஷக்பூத் தம் சகோதரர் தஹ்னூனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தபோது, அல் பூ ஃபலாசா என்ற கிளைக்குலத்தைச் சேர்ந்த சுமார் 800 பேர் அபுதாபியை விட்டு வெளியேறித் துபாயில் குடியேறினர். துபாய்க்கு 1820-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே தனி இடம் இருந்தது. ஷார்ஜாவை ஆண்ட காஸிமிகளை அபுதாபிக்கு எதிராக நிறுத்திச் சமன்செய்யும் வாய்ப்பும் இருந்தது. 1835-ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தில் துபாய்த் தலைவர் தம் பெயரிலேயே கையொப்பமிட்டார். அன்று வெளியேறியவர்களின் வழிவந்த மக்தூம் குடும்பம் இன்றும் அங்கே ஆள்கிறது.

அடுத்த பிரிவினைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1835-இல் பனீ யாஸ் படகுகளின் கடற்கொள்ளைக்குத் தண்டனையாகப் பிரிட்டிஷார் கலீபாவிடம் இழப்பீடு கேட்டனர். முத்துக்குளிப்பிலும் கடலோட்டத்திலும் தேர்ந்த குபைசாத் என்ற கிளைக்குலம், அந்தச் சுமையில் பங்கேற்க மனமின்றி, கத்தர் தீபகற்பத்தின் அடிவாரத்திலுள்ள கோர் அல் உதைத் என்ற உப்பங்கழிக்குப் பெயர்ந்தது என்று பிரிட்டிஷ் பதிவுகள் கூறுகின்றன. உதைதிலிருந்து கொள்ளைப் படகுகள் புறப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், 1837-இல் ரெசிடெண்டின் இசைவோடு கலீபா அங்கே படையெடுத்து வீடுகளையும் அரண்களையும் இடித்தார்; கிணறுகள் தூர்க்கப்பட்டன. பிரிட்டிஷார் விதித்த இழப்பீட்டின் சுமையே மக்களை விரட்ட, விரட்டப்பட்டவர்களை அழிக்க அனுமதி தந்ததும் அதே பிரிட்டிஷ் அலுவலகம் என்பதை அன்றைய அதிகாரிகள் ஒரு முரணாகவே கருதியதாகத் தெரியவில்லை.

1849-இல் இரண்டாம் முறையும், 1869-இல் பூத்தி பின் காதிம் தலைமையில் மூன்றாம் முறையும் குபைசாத் மக்கள் உதைதுக்குச் சென்றனர். மூன்றாம் முறை நடந்தது சற்று விசித்திரமானது. அபுதாபியின் ஷேக் ஸாயித் பின் கலீபா அவர்களைக் கடல்வழியே அடக்க அனுமதி கேட்டபோது, கடற்போர் நிறுத்தம் குறுக்கே நின்றது. கடல் அமைதியைக் காக்க வந்த ஒப்பந்தமே ஏறத்தாழ 9 ஆண்டுகள் பிரிந்து சென்றவர்களுக்குக் கேடயமாயிற்று. தாங்கள் எவருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று உதைத் மக்கள் வாதிட்டனர். ஆனால் 1871-இல் உஸ்மானியப் பேரரசின் படைகள் அல் ஹஸாவைக் கைப்பற்றிக் கத்தர்வரை எட்டியபின், யாருக்கும் உரியதல்லாத ஒரு துறைமுகம் நாளை துருக்கிக் கொடியை ஏற்றிவிடக் கூடும் என்ற கவலை கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் இந்திய அரசைப் பிடித்துக்கொண்டது. அப்பகுதியில் கடற்கொள்ளைகளும் தொடர்ந்தன. 1878-இல் டீசர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் துணைவர ஸாயித் உதைதை அடைந்தபோது ஊர் வெறுமையாக இருந்தது. மக்கள் தோஹாவுக்கு ஓடியிருந்தனர். எஞ்சிய வீடுகள் இடிக்கப்பட்டன. 1880-இல் அவர்கள் சமாதானமாகி அபுதாபிக்குத் திரும்பினர்.

உதைத் மக்களைச் சுதந்திரத்தின் தியாகிகளாக வரைவது எளிது, அது உண்மையாகாது. கொள்ளையிடப்பட்ட படகுகளில் இருந்தவர்களும் ஏழைகளே. இழப்பீடு செலுத்துவதிலிருந்து தப்ப ஊரை விட்டுப் போவதும், கொடுமையிலிருந்து தப்பப் போவதும் ஒன்றல்ல. சாக்ரடீஸ் சொன்ன வெளியேற்றம்கூடக் கடனைத் தீர்த்தபின் நிகழ வேண்டியதே என்று வாதிடலாம். ஆனால் தனிமனிதன் செய்த தீங்குக்குப் பொறுப்பேற்பது என்ற நியாயமான கோரிக்கை, முழுக் கூட்டமும் முன்னாள் தலைவருக்கே சொந்தம் என்ற முடிவாக எந்தக் கணத்தில் மாறியது என்பதைக் கேட்டாக வேண்டும். அந்த மாற்றத்தை எந்த ரெசிடெண்டும் தத்துவமாக எழுதவில்லை. வெளியேறும் உரிமை இல்லை என்று எவரும் அறிவிக்கவுமில்லை. போர்க்கப்பலுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது, அந்த முகவரியே காலப்போக்கில் ஆள்புல உரிமையாயிற்று. 1879-இல் கரையோரத் தலைவர்கள், கடனை அடைக்காமல் ஓடிப்போகும் முத்துக்குளிப்பவர்களைத் தங்களுக்குள் பரஸ்பரம் ஒப்படைப்பதாக உடன்பாடு செய்துகொண்டபோது, கூட்டங்களுக்கு அடைபட்ட வழி தனிமனிதர்க்கும் அடைபட்டது. முத்துக்குளிப்பவன் பருவந்தோறும் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனைப் பெரும்பாலும் தீர்க்க முடியாமல் மறுபருவமும் அவனிடமே மூழ்கியவன் என்பதை நினைத்தால், ஹியூமின் கப்பலில் இருந்த மனிதன் யார் என்பது விளங்கும்.

1895-இல் பஹ்ரைனை விட்டு வெளியேறிய அல் பின் அலீ குலத்தார் கத்தரின் சுபாராவில் குடியேறியபோது, ஸ்பிங்க்ஸ், பிஜியன் ஆகிய பிரிட்டிஷ் கப்பல்கள் அங்குத் திரண்டிருந்த படகுகளைச் சுட்டு அழித்தன. பஹ்ரைன்மீது படையெடுப்பு நிகழக் கூடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது; அக்காரணத்தில் பொருளும் இருந்தது. ஆனால் அதற்குள் இத்தகைய வழக்கில் பிரிந்து சென்றவர் தரப்பை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே அருகிப்போயிருந்தது. கடல் அமைதி முத்து வணிகத்துக்கு வளம் சேர்த்தது, பல உயிர்களைக் காத்தது. அந்த நன்மையின் விலையை அதைப் பெற்றவர்களைவிட விலக விரும்பியவர்களே அதிகம் செலுத்தினர் என்பதை மறுக்க வரலாற்றில் சான்றில்லை.

மூன்று முறை குடியேறி மூன்று முறையும் கைவிடப்பட்ட உதைதின்மீது அபுதாபியின் உரிமையை நிலைநாட்டவே அத்தனை கப்பல்களும் கடிதங்களும் செலவாயின. 1974-இல் ஜித்தாவில் கையொப்பமான எல்லை ஒப்பந்தப்படி, அந்த உப்பங்கழியை ஒட்டிய கரைப்பகுதி அபுதாபியிடமிருந்து சவூதி அரேபியாவுக்குச் சென்றது.