கணக்கில் வராத பங்கு

பாகப்பிரிவினைக்காகத் தாத்தாவின் பெட்டியைக் குடைந்தபோது, பத்திரங்களோடு ஒரு கணக்கு நோட்டும் கிடைத்தது. பண்ணையில் உழைத்த ஒரு படியாளின் பெயரில் ‘கல்யாண வகை ரூ. 60’ என்று பற்று. சில பக்கம் தள்ளி, அந்தப் பெயரை அடித்துவிட்டு மகன் பெயர். தொகை மட்டும் குறையவில்லை. எங்களுக்கு நிலம் வந்த வழியிலேயே அவர்களுக்குக் கடன் வந்திருக்கிறது.

இது குன்னம் பக்கத்துக் கரிசல். கொள்ளிடக் கரை நஞ்சையில் இந்த அடிமைத்தனம் இதைவிட வெளிப்படையாக இருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் பள்ளர், பறையர் குடும்பங்களை நிலத்தோடு விற்றார்கள், அடகும் வைத்தார்கள். 1833-ல் பிரிட்டன் கொண்டுவந்த அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவைத் தொடவில்லை. 1843-ன் 5-ஆம் சட்டம், ஆளைச் சொத்தென்று சொல்லிக் கோர்ட்டுக்கு வராதே என்றதே தவிர, எந்தப் பண்ணைக்கும் வந்து ‘நீ போகலாம்’ என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆளை வாங்கி விற்பதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 1862-ல்தான் அமலானது. அதற்குப் பிறகும் கடன் நோட்டு இருந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துதான் அந்தக் கடன் செல்லாமல் போனது.

அடிமைத்தனம் பரம்பரையாக இறங்குவது அமெரிக்காவிலும் உண்டு; அங்கே தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டது. கென்டக்கிக் காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் பலரின் உயில்களில் மாடு, கலப்பையோடு ஆட்களும் வருவார்கள். கொடுமைதான், ஆனால் அதில் பெயராவது இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் முன்னோரைத் தேடுகிறார்கள். எங்கள் பத்திரத்தில் நான்கெல்லை உண்டு, மாவடை மரவடை உண்டு, கிணறு வெட்டியவர் பெயர் கிடையாது.

“அவர் செஞ்சதுக்கு நாம என்னண்ணே பண்றது?” என்கிறான் தம்பி. நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சேர்த்ததில் பங்கு கேட்கும்போது இந்தக் கேள்வி நமக்கு வருவதில்லையே.

அந்தப் படியாளின் குடும்பம் இருக்கும் மனை இன்னும் எங்கள் பட்டாவில்தான் கிடக்கிறது. குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது 1971-ல். அதை உட்பிரிவு செய்து அவர்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் பாகப்பத்திரத்தில் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். தம்பி சம்மதித்தான். கிணற்றிலும் அவர்களுக்கு ஒரு முறைத் தண்ணீர் விடலாம் என்றேன். அதற்கு மட்டும் இன்னும் பிடிகொடுக்காமல் பேசுகிறான்.