இரண்டு புள்ளி வலிமை

‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டின் இரண்டாம் அங்கத்தில், மூன்ரைஸ் கோபுரத்துக்குள் ஆராஜ் ஒப்லோட்ரா என்றொருத்தி இருக்கிறாள். இரத்த வணிகம் செய்பவள். நம் குழுவில் வரும் அஸ்டேரியன் இரத்தம் குடித்து வாழும் வேம்பயர் என்று தெரிந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வருகிறது. அவன் தன்னைக் கடிக்க வேண்டும். அதற்கு விலையும் வைத்திருக்கிறாள்: உடல் வலிமையை நிரந்தரமாக இரண்டு புள்ளி கூட்டித் தரும் அரிய மருந்து ஒன்று. அஸ்டேரியன் வேண்டாம் என்கிறான். அவள் விடுவதாக இல்லை. அவனைத் தாண்டி, குழுவை நடத்திச் செல்லும் நம்மிடம் முறையிடுகிறாள். இப்போது திரையில் நமக்கான பதில்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. ‘அவன்தான் மறுத்துவிட்டானே’ என்று சொல்லலாம். அவனை வற்புறுத்தியும் பார்க்கலாம்.

பெண்ணிய வாசிப்புக்கு ஏன் ஒரு வீடியோ கேம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். இசைவு பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறோம். மறுத்தவனுக்கும் கேட்பவளுக்கும் நடுவில், லாபம் பெறப்போகும் மூன்றாம் ஆளாக நம்மை நிறுத்திவைத்து ‘நீ என்ன செய்வாய்?’ என்று கேட்ட பக்கங்கள் குறைவு. குடும்பத்தில், அலுவலகத்தில், விடுதி அறையில் பெரும்பாலான வற்புறுத்தல்கள் இப்படி மூன்றாம் ஆளின் வழியாகத்தான் நடக்கின்றன. ‘ஒரு தடவைதானே, நமக்காகக் கொஞ்சம் அனுசரித்துப் போ’ என்று சொல்பவர் பெரும்பாலும் ஆசைப்பட்டவர் அல்ல, அதனால் பயன் பெறுபவர்.

இந்த வகை விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சில சொற்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதும் இதற்குக் கிடைத்தது. நாம் ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்கிறோம். நம் மண்டைக்குள் ஒரு புழு விடப்பட்டிருக்கிறது. அதே புழுவைச் சுமக்கும் வேறு சிலர் வழியில் சேர்கிறார்கள். நம்மையும் சேர்த்து நால்வர் நடக்கலாம், மற்றவர்கள் முகாமில் காத்திருப்பார்கள். யாரை நம்புவது, யாரைக் கொல்வது என்று பேச்சிலேயே முடிவெடுக்கிறோம். இருபது பக்கப் பகடை உருண்டு, பேச்சு பலித்ததா இல்லையா என்று சொல்கிறது. நம் முடிவுகளைக் கூட வருபவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் திரையில் ஒரு வரி மின்னும், பிடிக்காவிட்டாலும் மின்னும். ஒவ்வொருவருக்கும் நம்மீதுள்ள இணக்கத்தை ஒரு பட்டையில் அளந்தும் பார்க்கலாம்.

அன்பை அளக்கும் இந்தப் பட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பயோவேர் நிறுவனம் 2000இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 2’இல் ஆண் பாத்திரமாக ஆடுபவருக்குக் காதலிக்க மூன்று பெண்கள் இருந்தார்கள், பெண்ணாக ஆடுபவருக்கு ஓர் ஆண். அந்த மூவரில் ஒருத்தி ஜஹைரா. அவளுடைய கணவன் காலித் கதையின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டுப் பிணமாகக் கிடக்கிறான். கதை அவளை விதவையாக்கிய பிறகுதான் காதலியாக்குகிறது. அதே நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ 2009இல் வந்தது. அதில் பரிசுப் பொருள்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் கூட்டாளிகளின் இணக்க எண் ஏறும். நகை, சிலை, புத்தகம் என்று கொடுக்கக் கொடுக்க மனம் இளகும். நம் ஊர்ப் படங்களின் காதலனுக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

லேரியன் இதிலிருந்து ஓரளவு நகர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே இணக்கம் பெரும்பாலும் பரிசால் வருவதில்லை, நாம் மற்றவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தால் வருகிறது. அகதிகளுக்கு உதவினால் கார்லக்குக்குப் பிடிக்கும். அதே செயல் அஸ்டேரியனுக்கு எரிச்சல் தரும். எல்லோருக்கும் நல்லவராக இருக்க முடியாது. ஜஹைராவும் திரும்ப வருகிறாள், வயதேறிய போராளியாக, எடுத்து வளர்த்த பிள்ளைகளின் தாயாக. இம்முறை அவள் யாருடைய காதலியாகவும் ஆக வேண்டியதில்லை. (அதே பழைய விளையாட்டின் விகோனியாவை இங்கே வெறும் வில்லியாக்கி வைத்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை.)

ஆராஜிடம் திரும்புவோம். அஸ்டேரியன் இருநூறு ஆண்டுகள் கஸடோர் என்ற எஜமானின் அடிமையாக இருந்தவன். தன் அழகையும் உடலையும் தூண்டிலாக்கி, எஜமானின் மாளிகைக்கு இரைகளைக் கூட்டிவருவதே அவனுடைய வேலை. அவனுக்கு மறுக்கும் உரிமை இருந்ததே இல்லை. நாம் அவன் பக்கம் நின்றால் பிறகு தனியாக வந்து நன்றி சொல்கிறான். காதல் உறவில் இருந்தால், நம்மை மயக்கியதும் பாதுகாப்புக்காகப் போட்ட திட்டம்தான் என்று ஒத்துக்கொள்கிறான். அதன்பின் அந்த உறவு படுக்கையிலிருந்து விலகி, என்ன பெயரிடுவது என்று அவனுக்கே தெரியாத ஒன்றாகத் தொடரலாம். பாலியல் சுரண்டலுக்குள்ளானவரின் கதையை ஓர் ஆண் உடலில் எழுதியதும், அவனிடம் கேட்பவளைப் பெண்ணாக, அதுவும் பெண்கள் ஆளும் ட்ரௌ இனத்தவளாக வைத்ததும் யோசித்துச் செய்த வேலை. வற்புறுத்தும் இடத்தில் எப்போதும் ஆண்தான் நிற்பான் என்று நினைத்துக்கொண்டு வருபவரை இந்தக் காட்சி நிறுத்திவைக்கிறது.

வகுப்புக்கு வெளியே ஒரு மாணவியுடன் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “வற்புறுத்தினா என்ன மேம்? யாருக்கும் வலிக்கப்போறதில்ல. அவன் வெறும் எழுத்தும் குரலும்தானே?” நியாயமான கேள்வி. நாவலில் ஒரு கொடுமையைப் படிக்கும்போது நாம் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. விளையாட்டிலும் ஆவதில்லை என்றே நினைக்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போகலாம். வற்புறுத்தும் வாய்ப்பே கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் நாம் அவனை மதித்தோம் என்று சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. மீற முடிந்தும் மீறாமல் இருந்தால்தான் அது மரியாதை. அந்தத் தீய பதிலைத் திரையில் வைத்ததற்காக நான் எழுத்தாளர்களைக் குறை சொல்லமாட்டேன்.

என் குறை வேறு. அந்த மருந்து வெறும் எழுத்தும் குரலும் அல்லவே. அஸ்டேரியனின் அருவருப்பு கற்பனை. இரண்டு புள்ளி வலிமையோ இந்த விளையாட்டின் விதிகளுக்குள் முழுக்க உண்மை, இனி வரும் ஒவ்வொரு வாள்வீச்சிலும் கணக்கில் சேர்வது. அவனை மதிப்பவருக்குக் கிடைப்பது ஓர் உரையாடல், மிஞ்சினால் பட்டையில் கொஞ்சம் ஏற்றம். வற்புறுத்துபவருக்குக் கையில் குப்பி. பிறகு அவன் மனக்கசப்போடு வந்து பேசத்தான் செய்கிறான், விளையாட்டு அதை மறைப்பதில்லை. ஆனாலும் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு தடவை வற்புறுத்தி என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அழித்துவிட்டு, நல்லவராகத் திரும்பி வரலாம். அவனுக்கு அது நினைவிருக்காது. நமக்கு இருக்கும். மறுப்பைக் கேட்டுவிட்டு, அதை மீறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டு, பிறகு கொடுக்கும் மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது?

2023 நவம்பர் இறுதியில் ‘ஹானர் மோட்’ என்ற கடினமான முறையைச் சேர்த்தார்கள். அதில் ஒரே ஒரு சேமிப்புதான், பின்வாங்க முடியாது. இசைவு பற்றிய கேள்விக்கு இதுவே சரியான களம் என்று தோன்றலாம். உண்மையில் அங்கே போர்கள் கடுமையானவை, தோற்றால் எல்லாம் போயிற்று. எனவே அந்த இரண்டு புள்ளியின் விலையும் கூடிவிடுகிறது. முடிவு மாற்ற முடியாததாகும் இடத்தில்தான் ஆசையும் அதிகம் காட்டப்படுகிறது.

இந்தப் பிளவு அந்த ஒரு காட்சியோடு நிற்பதில்லை. கூட்டாளிகளுக்குக் கதையில் தனி மனம் உண்டு, விதிகளில் கிடையாது. அஸ்டேரியனின் மறுப்பை மதித்த அதே கையால் அவன் உடையைக் கழற்றி வேறு உடை போடுகிறோம். அவன் பையைத் திறந்து பார்க்கிறோம். போரில் அவன் யாரைக் குத்த வேண்டும் என்று நாமே தீர்மானிக்கிறோம். முகாமில் விதர்ஸ் என்ற எலும்புருவம் இருக்கிறது. அதனிடம் நூறு பொற்காசு கொடுத்தால் யாருடைய தொழிலையும் மாற்றிவிடலாம். ஷேடோஹார்ட் தன் நினைவுகளையே ஷார் என்ற இருள் தேவிக்குக் காணிக்கையாக்கிய பூசாரி. நூறு காசில் அவள் வெறும் வாள்வீராங்கனை. அவளிடம் யாரும் கேட்கமாட்டார்கள், அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

பிறகு, எல்லோருக்கும் நம்மீது ஆசை வருவது. முதல் அங்கத்தின் வெற்றி விருந்து இரவில் ஒருவரிடம் மாற்றி ஒருவரிடம் பேசினால், அழைப்புக்குமேல் அழைப்பு. விளையாட்டு வந்த புதிதில் இது இன்னும் கூடுதலாக இருந்தது. இணக்க வரம்பு தவறுதலாகக் குறைவாக வைக்கப்பட்டுவிட்டது, அது ஒரு நிரல் பிழை என்று இயக்குநர் ஸ்வென் விங்க்கே பின்னர் சொன்னார். காமத்தைப் பிழைதிருத்தம் செய்த வரலாறு இலக்கியத்தில் வேறெங்காவது உண்டா தெரியவில்லை. திருத்திய பிறகும் அடிப்படை மாறவில்லை. கூட்டாளிகள் தங்களுக்குள் விரும்பிக்கொள்வது அரிது, ஆசைகளெல்லாம் ஆடுபவரை நோக்கியே பாய்கின்றன. ஆணும் பெண்ணும் யாரையும் விரும்பலாம் என்ற திறப்பை நான் வரவேற்கிறேன். எல்லோரும் நம்மை மட்டுமே விரும்புகிறார்கள் என்பது வேறு விஷயம். தொல்காப்பியர் ஒருபக்கக் காதலைக் கைக்கிளை என்று ஐந்திணைக்கு வெளியே வைத்தார். நம் பக்கத்தில் மட்டும் உயிர் இருந்து, எதிர்ப்பக்கத்தில் காதல் ததும்பி வழியும் இதை எந்தத் திணையில் வைப்பது?

எழுத்தின் தரமும் சீராக இல்லை. நல்லவனான வில்லுக்கு மெலிந்த கதை, மூன்றாம் அங்கத்தில் அவசரம். கார்லக்குக்கு மாறாக நிறையக் கொடுத்திருக்கிறார்கள். இதயத்தைப் பிடுங்கி எந்திரம் பொருத்தப்பட்டு, நரகத்தில் பத்தாண்டு போரிட்டவள். உடல் கொதிப்பதால் யாரும் தொட முடியாதவள். தன்னை விற்றவனைக் கொன்ற பிறகும் தன் சாவு மாறாது என்று உணர்ந்து அவள் கத்தும் இடத்தில், நமக்குக் கிடைக்கும் எந்தப் பதிலும் உதவாது. எதையும் சரிசெய்துவிடலாம் என்று பழகிய ஆட்டக்காரரை விளையாட்டு அங்கே வெறுங்கையோடு நிற்க வைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஷேடோஹார்ட்டினுடையது. நூறாண்டாகச் சிறைப்பட்டிருக்கும் டேம் ஏலின்மீது அவள் ஈட்டி ஓங்கி நிற்கிறாள். கொன்றால் அவளுடைய தேவி அவளை உயர்த்துவாள். நாம் பேசித் தடுக்கலாம், பகடை உருட்டலாம். அதுவரை அவளோடு நம்பிக்கை வளர்ந்திருந்தால் ஒன்றும் செய்யாமல் முடிவை அவளிடமே விட்டுவிடலாம். அவளே ஈட்டியை வீசி எறிகிறாள். ஒரு பெண் தன் மதத்தை விட்டு வெளியேறும் கணத்தில் நம்மிடம் கேட்கப்படுவது விலகி நிற்பது மட்டும்தான். பட்டையின் எண் இங்கே ஆசையைத் திறக்கும் சாவியாக இல்லை, அவளுக்கு இடம்விடும் அளவாக இருக்கிறது. இதே எழுத்தாளர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்பதால்தான் மற்ற இடங்களில் கோபம் வருகிறது.

அஸ்டேரியனின் கதை இன்னொரு வழியிலும் முடியலாம். ஏழாயிரம் உயிர்களைப் பலியிட்டு, தன் எஜமான் அடைய நினைத்த ஆற்றலை அவன் அடைவதற்கு நாம் உதவலாம். அதன்பின் அவன் நம்மிடம் ஒன்று கேட்கிறான். நம்மைக் கடித்து, தன்னால் உருவானவளாக, தனக்குரியவளாக ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆராஜின் முன் அவன் நின்ற இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். பரிந்துபேச மூன்றாம் ஆள் யாரும் இல்லை. மறுத்தால் உறவை முறித்துக்கொண்டு போய்விடுகிறான். அப்போது திறந்து பார்த்தால், அவனுடைய இணக்கப் பட்டை நிறைந்தே இருக்கக்கூடும்.