பதினைந்து கிராம் வாத்தியார்

கேரம் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அது போய் மோதுகிற காயின் 5 முதல் 5.5 கிராம். ஆடுகிற பரப்பு பக்கத்துக்கு 29 அங்குலம். 30 டன் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரைத் துறைமுகத்து வரிசையில் நாளெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து நகர்த்திவிட்டு வரும் டிரைவர், ராத்திரி எட்டு மணிக்குத் தெருமுனை மன்றத்தில் உட்கார்ந்து இந்த 15 கிராமோடு மல்லுக்கட்டுகிறார். தோற்றும் போகிறார். எதிரே ஆடுவது ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண். "அண்ணா, எதுக்கு இவ்ளோ ஃபோர்ஸு? தொட்டு வுடுங்க, அதுவே வுழும்" என்கிறாள். அவர் தலையாட்டிக்கொண்டு விரலைத் தளர்த்துகிறார். இதே வார்த்தையை வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசர் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம்.

வடசென்னையின் தெருக்களில் இப்படியொரு காட்சி அபூர்வம் அல்ல. நாற்பது வயதுக்காரர் பன்னிரண்டு வயதுக்காரியிடம் திருத்திக்கொள்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? வீட்டில் வயது பேசும், வேலையில் பதவி பேசும், தெருவில் ஆள்பலம் பேசும். பலகையில் காயின் விழுந்ததா, விழவில்லையா என்பது மட்டும்தான் பேச்சு.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நீளும் இந்தப் பட்டையில் இடம் கேட்கிற பொழுதுபோக்குகள் வேரூன்றுவது கஷ்டம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து எழும் வீடுகள். ஆகவே மொட்டை மாடியும் தெருமுனையும் கடற்கரையுமே கூடம். அங்கே எது அடங்குமோ அதுதான் நிலைத்தது. ஒரு பலகை, மேலே கூம்பு மூடி போட்டுத் தொங்கவிட்ட ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர், நாலு ஸ்டூல் இருந்தால் கேரம் கிளப் தயார். பார்ப்பவர்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள்.

இந்த மண்ணிலிருந்து போனவர்களின் கணக்கு சாதாரணமானது அல்ல. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சாம்பியன். 1996இல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடியின் இளவழகி, மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள், 2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் எடுத்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. வெற்றிமாறன் 'வடசென்னை' (2018) படத்தின் நாயகனைக் கேரம் ஆட்டக்காரனாக வைத்தது அலங்காரத்துக்காக அல்ல என்பது இந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் மெடல் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாங்காமலேயே முப்பது வருடம் ஆடியவர்கள்தான் ஏராளம். அவர்களுக்கு அந்தப் பலகை என்ன கொடுத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேரமில் ஒரு சங்கடமான ஏற்பாடு உண்டு. பலகையிலேயே விலை உயர்ந்தது ரெட், 3 புள்ளி. அதைப் போட்டால் மட்டும் போதாது. அதே அடியிலோ அடுத்த அடியிலோ சொந்தக் காயின் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதுதான் ஃபாலோ. தவறினால் ரெட் மீண்டும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக ஆடுகிறவர் ரெட்டைப் பார்த்ததும் பாய்வார்; பாக்கெட்டிலும் தள்ளிவிடுவார்; பிறகுதான் ஃபாலோவுக்கு ஒரு காயினும் வழியில் இல்லை என்று தெரியும். பழகியவரின் கண் வேறு மாதிரி. அவர் முதலில் ஃபாலோ காயினைத் தேடுவார். அது கைக்கு வசதியாக இருந்தால்தான் ரெட் பக்கம் திரும்புவார். ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் விழுந்துவிட்டால், ஏற்கெனவே போட்ட காயினில் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். இதற்கு நடுவரோடு வாதாடவும் முடியாது, மேலிடத்தில் மனுப் போடவும் முடியாது. தப்புக்கும் தண்டனைக்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை.

அந்த ஒரு நொடி இடைவெளி இல்லாததில்தான் விஷயம் இருக்கிறது. வாழ்க்கையில் பெரும்பாலான தப்புகளுக்குப் பதில் வர வருடக்கணக்காகிறது. பிள்ளையிடம் கத்தியதன் விளைவு பத்து வருடம் கழித்துத் தெரியும். கைமாற்று வாங்கிய முடிவு சரியா என்பது வட்டி ஏறிய பிறகுதான் உறைக்கும். அதற்குள் பழியைப் போட ஆயிரம் ஆள் கிடைத்துவிடுவார்கள். பலகையில் அந்த வசதி இல்லை. விரல் செய்தது கண்முன்னே நிற்கும்.

இதனால் கேரம் ஆடுகிறவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள் ஆகிவிடுகிறார்களா என்றால், இல்லை. பலகைக்கு முன்னால் துறவி மாதிரி உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு பாய்ந்து முட்டிக்கொள்வதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். 'செஸ் ஆடினால் கணக்கு வரும், பாட்டுக் கற்றால் ஒழுக்கம் வரும்' என்று பெற்றோருக்கு விற்கப்படும் வாக்குறுதிகளை அவ்வளவு எளிதில் நம்ப வேண்டியதில்லை. ஓர் இடத்தில் பழகிய பொறுமை இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போகாது. போகிற ஒன்று உண்டென்றால், அது இன்னும் சிறியது. தன்னைத் திருத்த முடியும், திருத்தினால் மானம் போய்விடாது என்ற அனுபவம். படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டு இருபது வருடமாக ஒரே வேலையைச் செய்கிற ஒருவருக்கு அந்த அனுபவம் வேறு எங்கும் கிடைப்பதில்லை.

மொட்டை மாடிக்குப் போனால் இதே பாடம் இறக்கை கட்டிக்கொண்டு இருக்கிறது. ஹோமர் புறாப் பந்தயம் வடசென்னையின் இன்னொரு பித்து. இரண்டு முட்டை, சுமார் 18 நாள் அடை. ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காரும். குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் காலில் வளையத்தைப் போட்டுவிட வேண்டும். விட்டால் பாதம் பெரிதாகி வளையம் நுழையாது. பிறகு அஞ்சு கிலோமீட்டர், பத்து, இருபது என்று கொண்டுபோய் விட்டுப் பழக்குவார்கள். பந்தயத்துக்கு லாரியில் ஏற்றி ஆந்திராவைத் தாண்டி, நாக்பூர், இட்டார்சி என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் போய்த் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு கூண்டுக்கும் தூரம் மாறும் என்பதால், முதலில் வந்தது ஜெயித்தது ஆகாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள்.

இதில் மனுஷனை வாட்டுவது கடைசி இருபது அடி. ராஜாளிக்கும் வெயிலுக்கும் தப்பி, அத்தனை தூரம் பறந்து வந்த புறா, கூண்டுக்குள் நுழையாமல் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். அது உள்ளே வந்தால்தான் நேரம் பதிவாகும். ஒவ்வொரு நிமிடமும் பந்தயம் கைநழுவும். கையைத் தட்டினால், சத்தம் போட்டால், ஓடிப்போனால் அது எழும்பிவிடும். செய்யக்கூடியது ஒன்றுதான்: தானிய டப்பாவை மெல்லக் குலுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நிற்பது. காசிமேட்டு ஏலத்தில் தொண்டை கிழியக் கூவுகிறவரும் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். மாதக்கணக்கில் புறாவின் முன்னால் அவர் எப்படி நடந்துகொண்டாரோ, அதற்கான மார்க் அந்தக் கைப்பிடிச் சுவரில் போடப்படுகிறது.

புறாக்காரர்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. சார்லஸ் டார்வின் அப்படி நினைக்கவில்லை. 1855இல் அவர் புறா வளர்க்க ஆரம்பித்தார். லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்து, சாமானிய வளர்ப்புக்காரர்களோடு உட்கார்ந்து அலகையும் வாலையும் பற்றிப் பேசிக் கற்றுக்கொண்டார். 1859இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறாக்கள் வந்துவிடுகின்றன. வேறு வேறு வகைப் புறாக்கள் ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்று அவர் வாதாடுவதற்கு அந்த வளர்ப்புக்காரர்களின் கண் உதவியது. ஒரு இறகு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண் கூலிக்காகப் பழகிய கண் அல்ல.

எல்லாப் பொழுதுபோக்கும் நல்ல வாத்தியார் என்று இதோடு முடித்துவிட்டால் மாஞ்சாவை மறைத்தது ஆகும்.

காத்தாடியும் இதே மாடிகளில் வளர்ந்ததுதான். காற்றின் போக்கை விரல் நுனியில் படிக்கும் கலை அது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் டீல் போடுவதற்காக, அதாவது எதிராளியின் நூலை அறுப்பதற்காக, கண்ணாடித் தூளும் வஜ்ஜிரமும் பூசிய மாஞ்சா நூல், அறுந்த பிறகு எங்கே போகிறது என்பதை விட்டவன் பார்ப்பதில்லை. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், பெற்றோரோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா அறுத்தது, குழந்தை பிழைக்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையிலேயே செயற்கை நூலையும் கண்ணாடி பூசிய நூலையும் நாடு முழுக்கத் தடை செய்திருந்தது. அதற்குப் பிறகு நடந்தது இது.

கேரம் பலகையில் தப்பு செய்தவன் மடியில் தப்பு திரும்பி வந்து விழுகிறது. புறாவில், கூப்பிட்டும் இறங்காத பறவையாக எதிரே உட்காருகிறது. மாஞ்சாவில் அது இரண்டு தெரு தள்ளி, முகம் தெரியாத ஒருவர் கழுத்தில் விழுகிறது. விட்டவன் கையில் நூல் லேசானது மட்டுமே தெரியும். அவன் அடுத்த காத்தாடியைக் கட்டப் போய்விடுவான். ஆகவே அந்த ஆட்டம் எத்தனை வருடம் ஆடினாலும் அவனைத் திருத்தாது. போலீஸ் வந்துதான் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு பொழுதுபோக்கு கற்றுக்கொடுக்குமா என்று அறிய, அதன் தப்பு யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் விடியற்காலையில் பறவை பார்க்கப் பைனாகுலரோடு நிற்பவர்களின் பொழுதுபோக்கில் திருத்துவதற்கு ஆட்கள் அதிகம். ஒருவர் பார்த்த உப்புக்கொத்தி எந்த வகை என்பதைப் படத்தைப் பார்த்து நாலு பேர் மறுப்பார்கள். நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் எழுதியாக வேண்டும். வெட்டி வேலையாகத் தெரியும் இந்தக் கணக்குக்கு 2023 டிசம்பரில் வேறு மதிப்பு வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பி நின்றன. என்ன போயிற்று என்று சொல்ல, முன்னால் என்ன இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். யாரும் சம்பளம் கொடுக்காமல் எழுதப்பட்ட நோட்டுகள் அப்போது சாட்சி சொல்லத் தகுதி பெறுகின்றன.

இத்தனைக்கும் வேண்டியது நேரம். இந்தப் பட்டையில் அது சுலபமாகக் கிடைப்பது இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையும் போகவர இரண்டு மணி நேரமும் போனால், மிச்சம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்குமே சரியாகிவிடும். அப்படியும் ஆண்கள் ஒரு மணி நேரத்தைப் பிய்த்து எடுத்துவிடுகிறார்கள். மன்றத்திலும் மாடியிலும் ராத்திரியில் போய்ப் பார்த்தால் இது தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் சோறு வடிப்பதும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதும், நாளைக் காலைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதும் யார் என்று கேட்டால் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். காசிமேட்டில் விடிவதற்கு முன் கூடையோடு நிற்கும் பெண்மணியிடம் 'உங்க பொழுதுபோக்கு என்னம்மா?' என்று கேட்பவர் நல்ல திட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.

அதனால்தான் இளவழகியும் காசிமாவும் ஜெயித்த கதைகளில் மெடலுக்கு முந்தைய பகுதி முக்கியமாகிறது. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இல்லை. பெரிய காசு வரும் என்று கணக்குப் போட்டு யாரும் இதற்குப் பெண்பிள்ளையை அனுப்பியிருக்க முடியாது. இப்போது 1 கோடி என்ற செய்தி வந்த பிறகு, 'எத்தனை வருஷத்துல மெடல் வரும் மாஸ்டர்?' என்று கேட்டுக்கொண்டு வரும் பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது; வறுமைக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும். ஆனால் பலகைக்கு முன்னால் உட்காரப்போகும் பத்து பெண்களில் ஒன்பது பேருக்கு மெடல் வராது. அந்த ஒன்பது பேரையும் அடுத்த வருடமும் அனுப்புவார்களா? மெடல் இல்லை என்று தெரிந்த பிறகும், பரீட்சை நெருங்கும்போதும், வயசுக்கு வந்த பிறகும், 'நீ போய் ஆடிட்டு வா, பாத்திரத்த நான் பாத்துக்கறேன்' என்று வீட்டில் ஒருவர் சொல்வாரா? அதைச் சொல்கிறவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கும் வீடு எத்தனை?