தோளில் கிடக்கும் துண்டு

வெளியூருக்குப் புறப்படுகிறவர்கள் டிக்கெட் வாங்கிய கையோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கே என்ன உடுத்திக்கொள்வது நல்லது?" சாப்பாட்டைப் பற்றி, தங்கும் இடத்தைப் பற்றியெல்லாம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலான கவலையோடு கேட்கிறார்கள். கோயில்கள் நிறைந்த சீமை, பழைய ஊர், பழைய மனிதர்கள், ஏதாவது தப்பாகப் போய்விடக் கூடாதே என்ற பயம்.

உடம்பைப் பொறுத்தவரையில் பதில் சுலபம். பருத்தி உடுத்துங்கள். சித்திரை, வைகாசியில் நைலான் சட்டையோடு இந்த ஊரில் பஸ் ஏறினவர் இறங்கும்போது சட்டையைத் தோலிலிருந்து உரித்துத்தான் எடுக்கவேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் தரையைக் கூட்டுகிற நீளத்தில் எதையும் அணியாமல் இருப்பது புத்திசாலித்தனம். சேறு கணுக்கால் வரை வந்து விசாரிக்கும். செருப்பு எளிதில் கழற்றி மாட்டுகிறதாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஆறு கோயில் பார்த்தால் ஆறு தடவை கழற்றவேண்டுமே! பெரிய கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடுப்பகலில் வெறுங்காலோடு நடப்பவர்கள் பக்தியினால் ஓடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் கேட்கிறவர் மனத்தில் இருப்பது வெயிலும் சேறும் அல்ல. ஊரார் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. இங்கேதான் பதில் சிக்கலாகிறது.

முதலில், ஊரார் என்றால் யார்? காலை ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். பால் வாங்க வருகிற அம்மாள் நைட்டி அணிந்திருப்பாள். அதன்மேல் மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டு. முதல் பஸ்ஸுக்கு ஓடுகிற கல்லூரிப் பெண் சுடிதாரில் இருப்பாள். அவள் அண்ணன் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸை, கிழிசலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி அணிந்திருப்பான். டீக்கடைக்காரர் கைலியை மடித்துக் கட்டியிருப்பார். அய்யம்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற பஸ்ஸில் பர்தா அணிந்த பெண்கள் இறங்குவார்கள். காவிரிக்குக் குளிக்கப் போகிற பாட்டி ஒருத்தி மடிசாரில் வந்தாலும் வரலாம். இவர்களில் யாரைப் போல உடுத்தினால் ஊரைப் போல உடுத்தியதாகும்?

பழைய வழக்கம்தான் அளவுகோல் என்று சொல்லிப் பார்க்கலாம். எவ்வளவு பழையது? பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் நடையில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் கால ஓவியங்களை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்த நடைக்குள் எல்லோரையும் விடுவதில்லை, படங்களில் பார்க்கலாம். அதில் ஆடுகிற பெண்களின் மேலுடம்பில் இருப்பது பெரும்பாலும் நகைதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதை வரைந்தவர்களோ வரையச் சொன்னவர்களோ வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதே கோயில் விமானத்தில் தொப்பி வைத்த ஓர் உருவம்கூட இருக்கிறது. அது யார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார் என்று இதுவரை அதனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆக, வழக்கம் என்பது கல்லில் வெட்டிய எழுத்து அல்ல. இருந்தாலும் விருந்தாளியாகப் போகிறவன் அந்த வீட்டு வாசற்படியில் கொஞ்சம் குனிந்து நுழைவது நல்ல குணம் என்றே நினைக்கிறேன். கோயிலுக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கும்படி உடுத்துவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அங்கே கண்மூடி நிற்கிற ஒரு கிழவியின் மனசு கலையாமல் இருக்கும். நமக்குச் சொந்தமில்லாத இடத்தில், அந்த இடம் சொந்தமானவர்களின் பிரியத்தை மதிப்பது ஒரு மரியாதை. இதில் சுதந்திரம் பறிபோய்விட்டதாகக் கூச்சல் போடவேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் 'ஊருக்குத் தக்கபடி உடுத்து' என்ற இந்தச் சாதுவான புத்திமதி, இதே தஞ்சாவூர்ச் சீமையில் சாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட காலமும் இருந்தது.

கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் வேஷ்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக் கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது. மிராசுதாரைக் கண்டால் அது இடுப்புக்கோ கக்கத்துக்கோ போய்விடவேண்டும். மீறினவர்களுக்குச் சாட்டையடி, அதோடு சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைப்பது. இந்த நெல்வயல்களின் சரித்திரத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சோழர்களை மட்டும் சொல்லுவது நியாயம் இல்லை. 1943-ல் பி. சீனிவாசராவ் என்ற, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மனிதர் இங்கே வந்து, விவசாயத் தொழிலாளிகளைச் சங்கமாகத் திரட்டினார். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிக்கப்படவேண்டும் என்று எழுதினார்கள். கூலியைப் பற்றிய பேச்சோடு இதையும் சேர்த்து எழுதவேண்டியிருந்தது என்பதிலேயே அந்தக் காலம் தெரிகிறது.

பண்ணையாட்களுக்கு மட்டும் என்று இல்லை. தெய்வத்துக்கு முன்னால் நாகஸ்வரம் வாசித்த வித்வான்களும், பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்கவேண்டியிருந்தது. கேதாரகௌளை உயர்ந்த ராகம்தான், ஆனால் வாசிக்கிறவனுடைய தோள் தாழ்ந்தது! சுயமரியாதை இயக்கம் வளர்ந்துவந்த நாட்களில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், வியர்வையைத் துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டு போட்டிருந்த மதுரை சிவக்கொழுந்து என்ற வித்வானை அதை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று உடன் நின்றவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி. பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்தபோது, இவருக்கு என்ன இத்தனை ஜம்பம் என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த ஷெர்வானியின் எடையில் பாதிக்குமேல் பல தலைமுறை வித்வான்களுடைய துண்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். தோளில் சிவப்புத் துண்டு. துண்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எங்க அப்பாரு துண்டைத் தோள்ல போட்டு நான் பாத்ததில்லீங்க" என்றார்.

"சங்கம் வந்தப்புறம்கூடவா, ஐயா?"

"வந்தப்புறமும்தான். அவரும் சங்கத்துல இருந்தவருதான். கொடி புடிச்சவரு. ஆனா பண்ணையாரு வண்டிச் சத்தம் கேட்டா கை தானாப் போயித் துண்டை எடுத்துடும். ஏன்ப்பா இன்னமும் எடுக்குறேன்னு கேட்டா, நான் எங்கடா எடுத்தேன், அது எடுத்துக்கிச்சுன்னுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், என் கேள்வியைச் சுலபமாகத் தீர்த்துவிட நான் வைத்திருந்த பதிலை அந்தக் கை பறித்துக்கொண்டுவிட்டது. மனமுவந்து செய்தால் மரியாதை, பயந்து செய்தால் அடிமைத்தனம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சன்னிதியில் நிற்கிற மிராசுதாரும் மேல் வஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கும்பிடுகிறார். செய்கை ஒன்றுதான், மனம்தான் வேறு என்று வாதம் நேர்த்தியாக முடிந்திருக்கும். ஆனால் கை தானாகத் துண்டை எடுக்கிற அளவுக்குப் பழக்கிவிட்ட பிறகு, உவந்து செய்ததா பயந்து செய்ததா என்று யார் பிரித்துச் சொல்வது? மாமனாரைக் கண்டதும் தலைப்பைச் சரிசெய்கிற மருமகளைக் கேட்டால் அவளும், "எனக்கு இதுதாங்க பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்வாள். அது நிஜமாகவும் இருக்கலாம்.

ஆகையால் உடுத்துகிறவனின் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதை விட்டுவிட்டு, வெளியே தெரிகிற இரண்டைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, அந்த வழக்கம் எல்லோருக்கும் ஒன்றா அல்லது சிலருக்கு மட்டுமா? சன்னிதியில் செருப்பைக் கழற்றவேண்டும் என்றால் கலெக்டரும் கழற்றுகிறார், கட்டைவண்டிக்காரரும் கழற்றுகிறார். வேஷ்டியின் நீளமோ ஒருவனுக்கு முழங்கால், இன்னொருவனுக்குக் கணுக்கால். இரண்டு, மறுத்தால் என்ன ஆகும்? பயணி அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம். அதிகம் போனால் இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். பண்ணையாளுக்கு அடுத்த பஸ் கிடையாது. அவன் குடிசை, வயல், அவன் சுடுகாடு எல்லாம் அங்கேதான். போய்விட முடியாதவனிடம் 'மரியாதையாக உடுத்து' என்று சொல்லும்போது, அந்த வார்த்தையில் மரியாதை மிச்சம் இருப்பதில்லை.

இந்த இரண்டு அளவையும் வைத்துக்கொண்டு நம் காலத்துச் சம்பவங்களைப் பார்க்கலாம். 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்துக் கிளப் ஒன்றில் நடந்த புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேஷ்டி கட்டியிருந்ததற்காக உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, இப்படித் தடுப்பது குற்றம் என்று ஆக்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நீதிபதியின் வேஷ்டிக்குச் சட்டம் வர ஒரு மாதம் போதுமாயிருந்தது. பண்ணையாளின் வேஷ்டி முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்க எத்தனை தலைமுறை ஆயிற்று?

அடுத்த வருஷம், 2015 நவம்பரில், கோயிலுக்கு வருகிறவர்கள் இன்னின்ன உடைதான் அணியவேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஓர் உத்தரவு வந்தது. ஆண்களுக்கு வேஷ்டி அல்லது பைஜாமா, பேண்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். 2016 புத்தாண்டு அன்று அது அமலுக்கு வந்தது. பிறகு மேல் அமர்வில் ரத்தாயிற்று. உத்தரவில் சொன்ன உடைகளோடு எனக்குச் சண்டை இல்லை. நானே அப்படித்தான் போகிறேன். ஆனால் வாசலில் ஒருவர் நின்று அளக்க ஆரம்பித்த அன்றைக்கு, பக்தனுக்குச் சாமி நினைவு போய்க் காவலாளி நினைவு வந்துவிடும்.

இன்னொரு சம்பவம். 2018-ல் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், தோகலபள்ளி என்ற கிராமத்தில், பகலில் நைட்டியோடு வெளியே வருகிற பெண்ணுக்கு 2000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதுவும் நம்மைப் போல நெல் விளைகிற டெல்டாப் பிரதேசம்தான். கைலியை மடித்துக் கட்டித் தொடை தெரிய நிற்கிற ஆண்களுக்கு என்ன அபராதம் என்று செய்தியில் இல்லை. எல்லோருக்கும் ஒன்றா என்று கேட்டால் போதும், அந்த முடிவு எவ்வளவு கண்ணியமானது என்பது தெரிந்துவிடும்.

அதனால்தான் நம் தெருமுனை அம்மாளின் நைட்டியும் துண்டும் எனக்கு யோசனை தருகிறது. வெளிநாட்டு உடை, அதைச் சமைக்கவும் பெருக்கவும் வசதி என்று ஏற்றுக்கொண்டு, ஊர்க் கண்ணுக்கு ஒரு துண்டையும் போட்டுக்கொள்கிறாள். அந்தத் துண்டு அவள் ஊருக்குக் கொடுக்கிற மரியாதையா, ஊருக்குப் பயந்து கட்டுகிற வரியா? அவளைத்தான் கேட்கவேண்டும். கேட்டாலும், அவளுக்கே நிச்சயமாகத் தெரியாமல் இருக்கலாம்.

எனவே தஞ்சாவூருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பருத்தி உடுத்துங்கள். கோயிலில் அங்கே இருப்பவர்கள் மனசு நோகாமல் உடுத்துங்கள். அது உங்கள் கையில் இருக்கிற நல்ல குணம். வாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம் அதிகம். வருகிறவர் குனிந்து வந்தால் அது அவர் பெருந்தன்மை. அதை நம் பாத்தியதை என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் முழங்காலையும் தோளையும் அளந்து பார்த்த கண்கள் நம்முடையவை. அந்தப் பழக்கம், துண்டை எடுத்த கையைப் போல, தானாகவே போய் வேலை செய்யும். யாராவது தெருவில் வேறுமாதிரி உடுத்திப் போகும்போது நம் வாய் தானாகத் திறக்குமானால், அந்தச் சமயத்தில் அதை மூடிக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.