ஓடுகிற பிள்ளையின் இருதயம்

இருதயம் என்கிற சொல்லை நாம் இரண்டு பொருளில் சொல்லிப் பழகியிருக்கிறோம். டாக்டர் சொன்னால் அது நெஞ்சுக்குள் துடிக்கிற தசை. நாம் சொன்னால் பயமும் ஆசையும் வெட்கமும் குடியிருக்கிற இடம். ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்கிற பதினாறு வயதுப் பையனிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. விசில் ஊதும் முன்பே, ஓரடிகூட எடுத்து வைக்காமலே, அவன் நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிவிடக்கூடும். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாய்கிறதினால் அப்படி ஆகிறது.

இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நல்ல இருதயம் தாங்கும். பழகப் பழகப் பலப்படவும் செய்யும். ஆனால் பிறவியிலேயே இருதயத் தசை தடிக்கும் கோளாறு ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். அநேகருக்கு அது இருப்பதே தெரியாது. கடும் ஓட்டமும் மனப்பதற்றமும் ஒன்றுசேரும்போது, சிலருக்கு இருதயத்தின் தாளம் தவறிவிடுகிறது. கேமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26-ந் தேதி பிரான்சின் லியோன் மைதானத்தில் யாரும் மோதாமலே விழுந்து மரித்தார். வயது 28. அவருக்கு இந்தத் தசைக்கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

நம் தேசத்தில் நடந்ததையும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். ஓடிய வாலிபரில் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வெயிலா, வேறெதுவுமா என்று பலவிதமாய்ப் பேசினார்கள். நான் கேட்கிறது வேறு. மூச்சு முட்டினபோது அவர்கள் ஏன் நிற்கவில்லை? நின்றால் வேலை போச்சு. வீட்டில் காத்திருக்கிற முகங்கள் அவர்களை நிற்க விடவில்லை.

நம் பக்கத்திலும் போலீஸ் வேலைக்கும் மிலிட்டரிக்கும் விடியற்காலையில் ஓடுகிற பையன்கள் எத்தனை பேர்! "எலே, தோத்துட்டு வீட்டுப்பக்கம் வந்துராத" என்று தகப்பன் விளையாட்டாகச் சொல்லுவார். பையன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஓடும்போது நெஞ்சு வலித்தாலும், ஒரு தரம் மயங்கி விழுந்தாலும், வாயைத் திறக்க மாட்டான். டாக்டர் விசாரிக்கிற முதல் அடையாளங்களே இவைதான். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று மரித்தார்களா என்பதும் அவற்றோடு சேர்ந்தது. ஆகவே அவன் மறைக்கிறதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயமா? பேசினால் அவமானம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

"ஜெபம் பண்ணியாச்சு, டாக்டர் எதற்கு?" என்பாரும் நம்மில் உண்டு. லூக்காவே வைத்தியர்தானே. இ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது. அது எல்லாக் கோளாறையும் காட்டாது என்பதும் மெய்தான். ஆனாலும் இத்தாலியில் 1982 முதல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். வெனெட்டோ பகுதியில் விளையாட்டு வீரரின் திடீர் மரணங்கள் பெருமளவு குறைந்தன.

இதிலே கஷ்டமான கேள்வி ஒன்று வருகிறது. கோளாறு தெரிந்தபின் பிள்ளையைத் தடுக்கலாமா? டென்மார்க் வீரர் எரிக்சன் 2021 ஜூன் 12-ந் தேதி கோபன்ஹேகனில் மைதானத்திலேயே இருதயம் நின்று விழுந்தார். அங்கேயே மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். பிறகு நெஞ்சில் கருவி பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு இத்தாலியில் விளையாட விடவில்லை. 2022-இல் இங்கிலாந்தில் மறுபடியும் விளையாடினார். எல்லாம் தெரிந்து முடிவெடுத்த 29 வயது மனிதனுக்கு அது சரி. பதினாறு வயதுப் பையனுக்கு அப்படியல்ல. அவனுக்காக "வேண்டாம்" என்று சொல்லிப் பொல்லாப்பைச் சுமக்கப் பெரியவர்கள் வேண்டும் என்பதே என் எண்ணம்.

"ஓட்டம் போனால் அவன் வாழ்க்கையே போச்சே" என்பார்கள். நம் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் மாணவராய் இருக்கையில், 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போனார். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பையன் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். புத்திமதி ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும்.