முதல் ஐந்து கவளம்

‘ஒரு க்விக் பைட் போதும்’ என்ற பேச்சு இன்று அலுவலகங்களில் சகஜம். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பொட்டலம். லிஃப்ட் தரைத்தளம் வருவதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும், அதற்குள் அவசரக்காரர் அளவு மீறிவிடுவார் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. அது உடம்பைப் பற்றிய கவலை. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வது வழிபாட்டில் நேரும் குறை என்பதே என் வாதம்.

சாந்தோக்ய உபநிடதத்தின் 5-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கேகய மன்னன் அசுவபதி, தன்னை நாடி வந்த உத்தாலகர் முதலான அந்தணர்களுக்கு வைசுவாநர வித்தையைச் சொல்கிறான். அங்கே சாப்பாடே அக்கினிஹோத்திரம் என்னும் ஹோமம். உடலின் ஐந்து வாயுக்களுக்கும் கவளமே ஆகுதி; முதல் ஆகுதி பிராணனுக்கு. அடுத்தடுத்து வியானன், அபானன், சமானன், உதானனுக்கு. இதை அறியாமல் ஹோமம் செய்கிறவன், நெருப்பை விலக்கிவிட்டுச் சாம்பலில் சொரிந்தவன் ஆகிறான். கீதையின் 15-ஆம் அத்தியாயத்திலும், உயிர்களின் உடலுக்குள் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து நால்வகை உணவையும் செரிக்கச் செய்வது தானே என்கிறான் கண்ணன். இலையைச் சுற்றி நீர் விட்டு, ஐந்து சிறு கவளங்களைப் பல்லில் படாமல் உட்கொள்ளும் பரிசேஷணம் இந்த உபதேசத்தின் நடைமுறைதான். பலர் அதை வெறும் ஆசாரமாகவே செய்கிறார்கள் என்பது வருத்தம்.

“வேலைக்கு ஓடுகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரமேது?” என்று கேட்பீர்கள். பரிசேஷணத்துக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். சரக சம்ஹிதையும் மெதுவாகச் சாப்பிடு என்று மட்டும் சொல்லவில்லை. மிக வேகமும் கூடாது, மிகத் தாமதமும் கூடாது, பேச்சும் சிரிப்பும் இன்றி மனம் உணவில் இருக்க வேண்டும் என்கிறது. தூக்குச்சட்டியைத் திறந்து பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு எழும் கட்டடத் தொழிலாளியின் மனம் சோற்றில் இருக்கலாம். ஒரு மணி நேரம் தொலைக்காட்சி முன்னே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் அவசரக்காரர். ஞானத்தை நாடுகிறவனுக்குச் சோற்றில் என்ன கவனம் என்பவர்களும் உண்டு. ருசிக்கு அடிமையாவது வேறு, வந்த உணவை மதிப்பது வேறு. அன்னத்தைப் பழிக்காதே என்பதை ஒரு விரதமாகவே வைத்திருக்கிறது தைத்திரீய உபநிடதம்.

இறைவனே அவசரமாக உண்ணச் சொன்ன இடமும் உண்டல்லவா என்று விவிலியம் படித்தவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், இடுப்பில் கச்சையும் காலில் செருப்பும் கையில் கோலுமாகத் தீவிரமாய் உண்ணும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளை வருகிறது. அது எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து புறப்படும் இரவு. கால்தான் விரைந்தது, அந்த உணவு எதற்கென்பதை மறந்தவர்களுக்கு இட்ட கட்டளை அல்ல அது. பிற்காலத்து யூதர்கள் அதே பஸ்கா உணவைச் சாய்ந்தமர்ந்து, விடுதலைக் கதையைச் சொல்லி, நிதானமாக உண்டார்கள். பரம ஏழையும் அன்றிரவு சாய்ந்தமராமல் உண்ணலாகாது என்பது யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி.

ஆகவே, இன்றிரவு கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு உட்காருங்கள். மந்திரம் தெரியாதவர்கள் முதல் ஐந்து கவளத்துக்கு இஷ்ட தெய்வத்தின் பெயரைச் சொன்னால் போதும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்ளும் பெண்மணி உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவருக்கு ஓர் இலை போட்டு உட்கார வையுங்கள்.